பாலத்தில் எழுதியவனும் அதைத் திருத்தியவனும்

வாசகர் கேள்வி, ஜனவரி 9

பாலத்தடியிலும் கால்வாய்ச் சுவரிலும் ஸ்ப்ரே அடித்து வைப்பதைக் கலை என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது வெறும் கிறுக்கல். இத்தனை வருடமாக லண்டனில் இருக்கிறீர்களே, பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் மனதில் நின்றது என்று ஒன்றைச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று போதும்.

ஜனவரி 9, இரவு

கலை என்று நான் எழுதவில்லை. சிரிப்பு வரும் என்றுதான் எழுதினேன். ஒன்று போதும் என்றால், பட்டாணி.

லண்டனைச் சுற்றி வரும் எம்25 நெடுஞ்சாலை 188 கிலோமீட்டர். அதில் எம்40 வந்து சேரும் இடத்தைத் தாண்டி வடக்கே போனால் தலைக்கு மேல் ஒரு பழைய ரயில் பாலம் வரும். சால்ஃபான்ட் வயடக்ட், 1906இல் கட்டியது. ரொம்ப வருடம் அதன் நெற்றியில் பெரிய வெள்ளை எழுத்தில் 'கிவ் பீஸ் எ சான்ஸ்' என்று இருந்தது. சமாதானத்துக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று ஜான் லெனன் 1969இல் பாடினார். பாலம் வாய்ப்புக் கேட்டது பட்டாணிக்கு.

நான் அப்போது வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் நெரிசல் என்றால் நெரிசல், காலை நீட்டி உட்காரலாம். முன்னால் நிற்கிற லாரியின் பின்கதவைப் பார்ப்பதா, பட்டாணியைப் பார்ப்பதா? வருடக்கணக்கில் பட்டாணியைப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 10

"ஜோக் புரியவில்லை" என்று மூன்று பேர். தப்பு என் மேல்தான். தமிழில் எழுதினால் பட்டாணியும் பீஸ், சமாதானமும் பீஸ். பள்ளிக்கூடத்தில் கட்டுவதும் பீஸ், சிக்கன் கடையில் எண்ணுவதும் பீஸ். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். அவ்வளவுதான் ஜோக். விளக்கிய பிறகு அதில் ஒன்றும் மிச்சமில்லை, தெரியும்.

ஜனவரி 10, பிற்பகல்

முக்கியமானதை விட்டுவிட்டேன். முதலில் அந்தப் பாலத்தில் இருந்தது 'பீஸ்' என்ற ஒரே சொல்தான். ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு போகிற இடமெல்லாம் அதை எழுதுவார்கள். அப்படி யாரோ ஒருவனுடைய பெயர் பட்டாணி. அந்த ஒரு சொல்லைப் பார்த்தால் உங்களை மாதிரியே நானும் கிறுக்கல் என்றுதான் சொல்லியிருப்பேன். முன்னால் 'கிவ்', பின்னால் 'எ சான்ஸ்' சேர்ந்த பிறகுதான் ஊரே சிரித்தது.

2018 செப்டம்பரில் இன்னொருவன் வந்து, அதன் மேல் 'ஹெல்ச்' என்று தன் பெயரை அடித்துவிட்டுப் போனான். பழைய பட்டாணியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மக்கள் மனுப் போட்டார்கள். சட்டப்படி பார்த்தால் இரண்டுமே குற்றம். ஆனால் ஒன்றை அழித்ததற்குத்தான் ஊருக்கு வருத்தம்.

ஜனவரி 11

இதிலிருந்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. முதல் ஆள் எழுதுவது கிறுக்கல். இரண்டாவது ஆள் அதில் கை வைக்கும்போதுதான் சிரிப்புப் பிறக்கிறது. இதில் எனக்குச் சொந்த அனுபவமே உண்டு. அப்புறம் சொல்கிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஜனவரி 13

கால்வாயும் கேட்டிருந்தீர்கள். ரீஜென்ட்ஸ் கால்வாய், 1820இலிருந்து ஓடுகிறது, பாடிங்டனிலிருந்து லைம்ஹவுஸ் வரை. நடுவில் காம்டன் என்ற இடத்தில், நீரை ஒட்டி ஒரு சுவர். 1985இல் ராபோ என்கிற ஆள் தன் பெயரைப் பெரிதாக, வண்ணமாக அங்கே எழுதினான். எதிர்க்கரையில்தான் நடைபாதை, இந்தப் பக்கம் தண்ணீர் வழியாக மட்டுமே போக முடியும். அதனால் மற்றவர்கள் கை படாமல் இருபது வருடத்துக்கு மேல் தப்பித்தது. 2009இல் பேங்க்ஸி வந்தார். யாரும் முகம் பார்க்காத, உலகமே பேர் தெரிந்து வைத்திருக்கிற அதே பேங்க்ஸி. ஒரு தொழிலாளி பசை வாளியுடன் நின்று வால்பேப்பர் ஒட்டுவது போல வரைந்து, ராபோவின் எழுத்தையே அந்த வால்பேப்பராக ஆக்கிவிட்டார். எழுத்தில் பாதிக்கு மேல் போச்சு.

ராபோ ஸ்ப்ரே டப்பாவை விட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. விஷயம் காதுக்கு எட்டியதும், கிறிஸ்துமஸ் அன்று, ஊர் முழுக்க வீட்டுக்குள் வான்கோழி தின்றுகொண்டிருந்த நேரத்தில் ஒரு படகில் போய்ச் சேர்ந்தான். பேங்க்ஸியின் தொழிலாளியை அவன் அழிக்கவில்லை. அவர் நின்ற இடத்திலேயே நின்று 'கிங் ராபோ' என்று எழுதிக்கொண்டிருப்பது மாதிரி மாற்றிவிட்டான். வேலைக்காரர் அதே வேலைக்காரர், முதலாளி மாறிவிட்டார்.

இத்தோடு நின்றிருந்தால் கண்ணியமாக இருந்திருக்கும். சில நாளில் 'கிங்' என்பதற்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்துகள் முளைத்தன. என்ன எழுத்துகள் என்று இங்கே எழுத மாட்டேன், எங்கள் பெரியம்மாவும் இதைப் படிக்கிறார். ராஜா ஒரே இரவில் வசவின் வால் ஆகிவிட்டார்.

ஜனவரி 14

திருத்தம். படகு இல்லையாம். ஈரம் புகாத ரப்பர் உடை போட்டுக்கொண்டு, காற்றடைத்த மிதவையில் போனானாம். ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், சரிதான். டிசம்பர் மாதக் கால்வாயில் மிதவை! விரல் பட்டாலே விறைத்துவிடும். படகு என்று எழுதி அவன் வீரத்தைக் குறைத்துவிட்டேன்.

ஜனவரி 14, இரவு

அந்த ராபோ இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். 2011இல் தலையில் அடிபட்டுக் கோமாவில் விழுந்தார், 2014இல் இறந்துபோனார். (மேலே 'அவன்' என்று எழுதியதற்கு இப்போது சங்கடமாக இருக்கிறது. மாற்றாமலே விடுகிறேன்.) அவர் கோமாவில் இருந்தபோது பேங்க்ஸி அதே சுவருக்குத் திரும்பிப் போய், 1985 எழுத்தைக் கறுப்பு வெள்ளையில் வரைந்து, மேலே ஒரு கிரீடமும், மெழுகுவர்த்தி மாதிரி எரிகிற ஒரு ஸ்ப்ரே டப்பாவும் வைத்துவிட்டு வந்தார். சண்டைக்கு எடுத்த அதே சுவர்தான்.

ஜனவரி 15

பேங்க்ஸி காம்டனில் எழுதியவற்றில் எனக்குப் பிடித்தது வேறு. அதே 2009 டிசம்பர், கோபன்ஹேகனில் பருவநிலை மாநாடு முடிந்த கையோடு, கால்வாய்ச் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி. 'புவி வெப்பமாவதை நான் நம்பவில்லை.' கீழ்ப்பாதி எழுத்துகள் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தன. இதில் இரண்டாவது ஆள் யார் என்று கேட்டால், கால்வாய்தான்.

ஜனவரி 18

சொந்த அனுபவம் எங்கே என்று நச்சரிக்கிறீர்கள். சரி.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர். தெரு முடிகிற இடத்தில் வாய்க்கால், அதன் மேல் மதகு. ஊர்ப் பெரியவர்கள் சாயங்காலம் உட்காரும் இடமும் அதுதான், நாங்கள் குதித்துக் குளிக்கும் இடமும் அதுதான். எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது அதன் கைப்பிடிச் சுவர் இடிந்து, புதிதாகப் பூசினார்கள். கொத்தனார் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு ஆணியால் ஈர சிமென்ட்டில் என் பெயரை ஆழமாகக் கீறினேன். மணி. 'ணி'யின் கொக்கி மட்டும் சரியாக வரவில்லை, சிமென்ட் இழுத்துக்கொண்டது.

இரண்டு நாள் பெருமையாகச் சுற்றினேன். மூன்றாம் நாள் பார்த்தால், பக்கத்தில் கரிக்கட்டையால் யாரோ 'என்ன?' என்று எழுதியிருக்கிறார்கள். மணி என்ன? அதற்கடுத்த நாள், வேறு கையெழுத்தில், அடியில் 'பத்தரை'.

அன்றிலிருந்து நான் பத்தரை. பள்ளிக்கூடத்தில் பத்தரை, பந்தியில் பத்தரை. மழை வந்தால் கரி அழியும், நாலே நாளில் திரும்ப முளைக்கும். சிமென்ட்டில் இருந்த 'மணி' மட்டும் அழியவில்லை, அதை ஆழமாகக் கீறிய புத்திசாலி நான்தான். எங்கள் சித்தப்பா என் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம், "பையன் பத்தரை மாத்துத் தங்கம்" என்றார். ஊர்க்காரர்கள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவிக்கு ஏன் என்று புரிய ஒரு வருடம் ஆயிற்று.

ஜனவரி 19

ஒருவர்: "இது கிராஃபிட்டி இல்லை. தமிழ்நாட்டில் சுவரெழுத்து என்றால் கட்சிக்காரர்கள் எழுதுவது."

உண்மைதான். சுண்ணாம்பு அடித்து, வருடம் போட்டு, சுவரை ரிசர்வ் செய்து, தொழில் தெரிந்த ஓவியர் நூல் பிடித்தமாதிரி எழுதுவார். அந்த எழுத்தழகுக்கு நான் அடிமை. ஆனால் அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது, நடுவில் ஒரு எழுத்து உதிர்ந்தால் ஒழிய.

உதிர்ந்ததைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் ஒரு பாலம், அதன் பக்கச் சுவரில் 'இங்கு விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதியிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதில் 'யா'வை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டான். 'இங்கு விளம்பரம் செய்தீர்.' ஒரே எழுத்துதான் போச்சு, அதட்டல் போய்ப் புகார் வந்துவிட்டது. எழுதிய அலுவலகம் தன்னையே மாட்டிக்கொண்டது போலவும் இருந்தது, ஏனென்றால் அந்தச் சுவரில் இருந்த ஒரே விளம்பரம் அந்த அறிவிப்புதான்.

சுரண்டியவன் இலக்கணம் படித்தவனாக இருக்க வேண்டும். 'யா'வோடு 'ய்'யையும் சேர்த்து எடுத்திருந்தால் 'செதீர்' என்று அசடு வழிந்திருக்கும்.

ஜனவரி 20

லண்டனின் கிழக்குப் பக்கம் ரயில் பாலங்களில் 1970களில் ஒரே வாசகம்தான். 'ஜி டேவிஸ் இஸ் இன்னசென்ட், ஓகே.' டேவிஸ் நிரபராதி, சரியா? கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1975 ஆகஸ்டில் ஹெடிங்லியில் இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட். ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு 445, நாலாம் நாள் முடிவில் மூன்று விக்கெட்டுக்கு 220. மக்காஸ்கர் 95இல் நிற்கிறார், முதல் டெஸ்ட் சதத்துக்கு ஐந்து ரன் பாக்கி. விடிந்து பார்த்தால், ராத்திரியில் டேவிஸ் ஆதரவாளர்கள் புகுந்து பிட்ச்சைத் தோண்டி எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். ஆட்டம் கைவிடப்பட்டது.

டேவிஸ் மேல் இருந்தது ஒரு கொள்ளை வழக்கு. 1976இல் விட்டுவிட்டார்கள். அடுத்த வருடமே ஒரு வங்கிக் கொள்ளையில் கையும் களவுமாகப் பிடிபட்டார்! பாலத்தில் பெயின்ட் அடித்தவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொண்டிருப்பார்கள்?

அப்புறம் 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு நம்பத்தக்கதாக இல்லை என்றார்கள், நிரபராதி என்று சொல்லவில்லை. பாலம் மட்டும்தான் அப்படிச் சொன்னது.

ஜனவரி 20, இன்னும் கொஞ்சம்

அந்தக் காலத்துச் சுவர்களில் எல்லாவற்றுக்கும் வாலில் ஒரு 'ஓகே' உண்டு. யாரைப் பிடிக்குமோ அவர் பெயரைப் போட்டு 'ரூல்ஸ் ஓகே', அவர் ராஜ்ஜியம்தான், சரியா என்று. அதைக் கிண்டல் செய்து வந்ததில் எனக்குப் பிடித்தது 'குவீன் எலிசபெத் ரூல்ஸ் யூகே'. இது தமிழிலும் வேலை செய்கிறது. பட்டாணிக்கு நான் பட்ட கடனைத் தீர்த்தாகிவிட்டது.

ஜனவரி 25

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "எல்லாம் வேலையில்லாதவர்கள் எழுதியது. படித்தவன் எவனாவது பாலத்தில் கிறுக்குவானா?"

ஐயா, இதற்குத்தான் காத்திருந்தேன்.

டப்ளின், ராயல் கால்வாய், 1843 அக்டோபர் 16. வில்லியம் ரோவன் ஹாமில்டன் என்ற கணிதப் பேராசிரியர் மனைவியோடு கால்வாய்க் கரையில் நடந்து போகிறார், அயர்லாந்தின் அறிவியல் கழகக் கூட்டத்துக்கு. வருடக்கணக்காக ஒரு கணக்கு அவரைத் தின்றுகொண்டிருந்தது. மூன்று மூன்றாக வரும் எண்தொகுதிகளைக் கூட்டத் தெரிந்தது, பெருக்க வரவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு வந்து உட்காரும்போதெல்லாம் பிள்ளைகள், "அப்பா, பெருக்கல் வந்துவிட்டதா?" என்று கேட்பார்களாம். அவரும் தலையை ஆட்டிவிட்டு, "கூட்டவும் கழிக்கவும்தான் வருகிறது" என்பாராம். அன்று புரூம் பாலத்தருகே வந்தபோது விடை பளிச்சென்று விழுந்தது. மூன்று போதாது, நான்கு வேண்டும். மறந்துவிடுமோ என்ற பயமோ, சந்தோஷமோ, கத்தியை எடுத்துப் பாலத்துக் கல்லிலேயே செதுக்கிவிட்டார். ஐ வர்க்கம், ஜே வர்க்கம், கே வர்க்கம், மூன்றையும் பெருக்கினால் வருவது, எல்லாம் சமம், மைனஸ் 1.

குவாட்டர்னியன் என்று அதற்குப் பெயர். உங்கள் பையன் போனில் விளையாடும் முப்பரிமாண விளையாட்டில் ஆள் திரும்புவதும், விண்கலம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கணக்குப் போடுவதும் இதை வைத்துத்தான்.

ஜனவரி 26

"அவர் எழுதியதை இப்போதும் பார்க்கலாமா?" இல்லை, மழையும் காலமும் தேய்த்துவிட்டன. 1958இல் அந்தப் பாலத்தில் ஒரு கல்வெட்டு வைத்தார்கள். திறந்து வைத்தவர் அப்போதைய அயர்லாந்துப் பிரதமர் டி வலேரா, அரசியலுக்கு வருமுன் கணக்கு வாத்தியார். வருடாவருடம் அக்டோபர் 16 அன்று கணக்குப் பிரியர்கள் அந்தப் பாலம் வரை நடந்து போகிறார்கள். நான் மூன்று வருடம் முன்பு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் போனேன். கல்வெட்டைச் சுற்றி வேறு யார் யாரோ ஸ்ப்ரே அடித்து வைத்திருந்தார்கள். கால்வாயில் ஒரு சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி குப்புறக் கிடந்தது.

ஆனால் என் கொள்கைக்கு இது அடி. ஹாமில்டனுக்கு இரண்டாவது ஆளே தேவைப்படவில்லை. யோசிக்கிறேன்.

பிப்ரவரி 2

யோசித்ததில் வேல்ஸ் ஞாபகம் வந்தது. இது பாலமும் இல்லை, கால்வாயும் இல்லை, ஆனால் தண்ணீர் வழக்கு. லிவர்பூல் நகரத்துக்குக் குடிநீர் வேண்டும் என்று வேல்ஸில் ட்ரிவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்டி, கேப்பல் கெலின் என்ற கிராமத்தை 1965இல் மூழ்கடித்தார்கள். காவிரி டெல்டாக்காரனுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. அபெரிஸ்த்வித் ஊருக்கு வெளியே, சாலையோரம் இடிந்த ஒரு வீட்டுச் சுவரில், மைக் ஸ்டீவன்ஸ் என்ற எழுத்தாளர் இளைஞராக இருந்தபோது 'ட்ரிவெரினை நினைவில் கொள்ளுங்கள்' என்று வெல்ஷ் மொழியில் எழுதினார்.

அதில் ஒற்றுப் பிழை! வெல்ஷில் நம் புணர்ச்சி மாதிரி ஒன்று உண்டு, முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து அடுத்த சொல்லின் முதல் எழுத்து மெலியும். அந்த இடத்தில் வல்லின 'ட்' மெலிந்து வர வேண்டும், அவர் மெலிக்காமல் விட்டுவிட்டார். பிறகு பெயின்ட் மங்கி வேறு ஆட்கள் திரும்ப எழுதியபோது யாரோ பிழையைத் திருத்திவிட்டார்கள். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'ட்'தான், மறுபடி பட்டாணிப் பிரச்சினை. நம் ஊரில் 'அதை பார்' என்று எழுதிய சுவரில், ராத்திரியோடு ராத்திரியாக ஒரு தமிழாசிரியர் வந்து 'ப்' போட்டுவிட்டுப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். துக்கச் சுவரில்கூடப் பிழைதிருத்த ஆள் வருகிறது.

2019 பிப்ரவரியில் அதன் மேல் ஒருவன் 'எல்விஸ்' என்று அடித்தான். ஏப்ரலில் சுவரையே கொஞ்சம் இடித்தார்கள். அதன்பின் வேல்ஸ் முழுக்க அதே வாசகம் சுவர் சுவராக முளைத்தது.

பிப்ரவரி 3

"எல்விஸ் பாறைதானே இது?" இல்லை, அது வேறு எல்விஸ், ஆனால் அதே வட்டாரம். 1962இல் அங்கே ஓர் இடைத்தேர்தல். வேல்ஸ் தேசியக் கட்சி வேட்பாளர் நாவலாசிரியர் இஸ்ல்வின் ஃபௌக் எலிஸ். ஆதரவாளர்கள் மலைச் சாலையோரப் பாறையில் 'எலிஸ்' என்று வெள்ளையடித்தார்கள். எலிஸ் தோற்றார். நடுவில் ஒரே ஒரு ஆங்கில எழுத்தை யாரோ சொருக, அது 'எல்விஸ்' ஆயிற்று. அறுபது வருடமாகியும் எல்விஸ் அங்கே இருக்கிறார், மங்கினால் யாராவது திரும்ப அடிக்கிறார்கள். வேட்பாளருக்குக் கிடைத்ததைவிட உறுதியான ஆதரவு.

பிப்ரவரி 9

கை வைத்துக் கெடுத்த கதையும் இருக்கிறது. ஷெஃபீல்டில் பார்க் ஹில் என்ற அடுக்குமாடி. இரண்டு கட்டடங்களை இணைக்கும் உயரமான நடைபாலத்தில், 2001இல், ஒரு பெண்ணின் முழுப்பெயர் எழுதி, 'ஐ லவ் யூ, வில் யூ மேரி மீ' என்று ஒருவர் எழுதினார். அவர்கள் கல்யாணம் நடக்கவில்லை. அந்தப் பெண் 2007இல் புற்றுநோயில் இறந்துபோனார். பிறகு கட்டடத்தைப் புதுப்பித்து விற்றவர்கள் அந்த வரிக்கு நியான் விளக்குப் போட்டார்கள், பெயருக்கு மட்டும் போடவில்லை. அந்த வரி டீ ஷர்ட்டில் வந்தது, பீருக்குப் பெயராயிற்று. எழுதியவர் வீடில்லாமல் அலைந்தார் என்று செய்தியில் வந்தது.

போன ஒரு மாதமாக இரண்டாவது ஆளைத் தூக்கி வைத்துப் பேசினேன். இதை எழுதும்போது அந்த உற்சாகம் இல்லை.

பிப்ரவரி 15

ஞாயிற்றுக்கிழமை ரீஜென்ட்ஸ் கால்வாயோரம் நடந்தேன். மக்கிள்ஸ்ஃபீல்ட் பாலம் என்று ஒன்று. 1874 அக்டோபரில் வெடிமருந்து ஏற்றிய படகு அதன் அடியில் வெடித்து மூன்று பேர் செத்து, பாலமும் போயிற்று. இரும்புத் தூண்கள் மட்டும் தப்பியதால் அவற்றை வைத்தே திரும்பக் கட்டினார்கள். தூணைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வரிவரியாகப் பள்ளம், விரல் வைத்தால் உள்ளே உட்காருகிறது. கரையில் நடந்த குதிரைகள் படகை இழுத்த கயிறு அறுத்தது. திரும்ப நட்டபோது தூண்களைத் திருப்பி நட்டதால், மறுபக்கத்திலும் கயிறு புதிதாக அறுக்க ஆரம்பித்தது. இப்போது இரண்டு பக்கமும் பள்ளம். அதன் மேல் வெள்ளி மார்க்கரில் ஒரு இதயம், உள்ளே இரண்டு இனிஷியல், ஒன்று அடித்து மாற்றப்பட்டிருக்கிறது.

பிப்ரவரி 16

தங்கை மகனிடம் மதகைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மதகே இல்லையாம். கான்கிரீட் பெட்டிப் பாலம் வந்து நாலு வருடம் ஆகிறதாம். பழைய கைப்பிடிச் சுவர் உடைந்து வாய்க்கால் கரையில் கிடக்கிறது என்று ஒரு துண்டின் படம் அனுப்பினான். பாசி பிடித்திருக்கிறது. 'ம' தெரிகிறது. 'ணி' உடைந்துவிட்டது.

பிப்ரவரி 16, இரவு

"அந்தப் பத்தரை காலையா, ராத்திரியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நாற்பது வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. எழுதியவனுக்குத்தான் தெரியும். எங்கள் ஊர்க்காரர் யாராவது இதைப் படித்தால், ஒரு வரி போட்டுவிடுங்கள். கோபமெல்லாம் இல்லை.